எம் (1931 திரைப்படம்)

எம் என்பது 1931 ஆம் ஆண்டில் வெளிவந்த ஜெர்மன் மொழிக் குற்றத் திரைப்படமாகும். இதனை ஃபிரிட்ஸ் லாங் இயக்கினார். திரைக்கதையை அவரும் அவருடைய அந்நாளைய மனைவி தேயா ஃபொன் ஹார்பூவும் இணைந்து எழுதினர். பெருநகரம் ஒன்றில் குழந்தைகளைத் தொடர்ந்து கொலை செய்துவரும் ஒருவனை ஒருபுறம் காவல்துறையும் மறுபுறம் அந்நகரத்துத் திருடர் கூட்டமும் தேடிச் செல்வதே இதன் கதை. லாங் இயக்கிய முதல் பேசும்படம் இதுவே. ஜெர்மன் மொழியில் கொலையாளி எனப் பொருள்படும் "மோர்டர்" என்ற சொல்லின் முதலெழுத்தே படத்தின் பெயராயிற்று.

தொடர் கொலையாளிகளையும் காவல்துறைப் புலனாய்வையும் கருவாகக் கொண்ட திரைப்படங்களுக்கு எம் ஒரு முன்னோடியாகக் கருதப்படுகின்றது. கொலையாளி யார் என்பது இப்படத்தில் தொடக்கத்திலேயே பார்ப்போருக்குத் தெரிந்துவிடுகின்றது. அவனை யார் பிடிப்பார்கள், பிடித்தபின் அவனை என்ன செய்வது, அதனை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு ஆகிய வினாக்களே கதையை நகர்த்துகின்றன.

இயக்கம்: ஃபிரிட்ஸ் லாங்
தயாரிப்பு: சீமோர் நெபென்சால் (நீரோ ஃபிலிம்)
திரைக்கதை: தேயா ஃபொன் ஹார்பூ, ஃபிரிட்ஸ் லாங்
ஒளிப்பதிவு: ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னர்
படத்தொகுப்பு: பால் ஃபால்கன்பெர்க்
முதல் காட்சி: மே 11, 1931, பெர்லின்
மொழி: ஜெர்மன்
நிறம்: கறுப்பு வெள்ளை
நீளம்: 117 நிமிடங்கள் (முதற்பதிப்பு)

கதாபாத்திரங்கள்

ஹான்ஸ் பெக்கர்ட் (கொலையாளி) – பீட்டர் லொர்ரே
ஆய்வாளர் லோமான் – ஒட்டோ வெர்னிக்கே
ஆய்வாளர் குரோபர் – தியோடர் லூஸ்
ஷ்ரென்கர் (திருடர் தலைவன்) – குஸ்டாஃப் குரூண்ட்கென்ஸ்
திருமதி பெக்மான் – எல்லன் விட்மான்
எல்சி பெக்மான் – இங்கே லாண்ட்குட்
பார்வையற்ற பலூன் விற்பவர் – கேயோர்க் ஜான்

கதைச் சுருக்கம்

(கவனிக்க: இப்பகுதி கதையின் முடிவையும் வெளிப்படுத்துகின்றது.)

குடியிருப்பு ஒன்றின் முற்றத்தில் சிறுவர்கள் வட்டமாக நின்று கொலைகாரனைப் பற்றிய பாட்டொன்றைப் பாடி விளையாடுகின்றனர். மாடியில் துணி வெளுத்து வாழ்க்கை நடத்தும் திருமதி பெக்மான், பள்ளி விட்டு வரும் மகள் எல்சிக்காக உணவு மேசையைத் தயார் செய்கின்றார். அதே வேளையில் எல்சி தெருவிலுள்ள சுவரொட்டித் தூண் ஒன்றின் மீது பந்தை எறிந்து விளையாடுகின்றாள். அத்தூணில் ஒட்டப்பட்டிருப்பது கொலையாளியைப் பிடித்துத் தருவோருக்கு 10,000 மார்க் பரிசு வழங்கப்படும் என்னும் அறிவிப்பு. அந்த அறிவிப்பின் மேல் ஒரு மனிதனின் நிழல் விழுகின்றது. அவன் அவளிடம் கனிவாகப் பேசி, பார்வையற்ற ஒருவரிடமிருந்து பலூன் வாங்கித் தருகின்றான். தாய் மகளின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருக்கின்றார். எல்சி வீடு திரும்புவதில்லை.

நகரம் அச்சத்தில் மூழ்குகின்றது. கொலையாளி சிவப்புப் பென்சிலால் எழுதிய கடிதம் செய்தித்தாளில் வெளியாகின்றது. மக்கள் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்குகின்றனர். தெருவில் ஒரு சிறுமியிடம் மணி சொன்ன முதியவரைக்கூடக் கூட்டம் சூழ்ந்துகொள்கின்றது. காவல்துறை இரவு தோறும் மதுக்கடைகளிலும் விடுதிகளிலும் திடீர்ச் சோதனை நடத்துவதால் திருடர்களின் தொழில் முடங்குகின்றது. தங்கள் தொழிலைக் காத்துக்கொள்வதற்காகக் கொலையாளியைத் தாங்களே பிடிப்பது என்று ஷ்ரென்கர் தலைமையிலான திருடர்கள் முடிவு செய்கின்றனர். எவர் கண்ணிலும் படாமல் எங்கும் நிற்கக்கூடிய பிச்சைக்காரர்கள் ஒற்றர்களாக நியமிக்கப்பட்டு, அவரவருக்குரிய தெருப்பகுதிகள் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன.

காவல்துறையின் வழி வேறு. அண்மையில் மனநலக் காப்பகங்களிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் பட்டியலைப் பெற்று, அவர்களது இருப்பிடங்களை லோமானின் ஆட்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றனர். பெக்கர்டின் அறையில் கிடைத்த சிகரெட் உறையும், சன்னல் விளிம்பில் கிடந்த சிவப்புப் பென்சில் துகள்களும் அவனைக் காட்டிக் கொடுக்கின்றன. காவலர்கள் அவன் அறையில் காத்திருக்கும் அதே மாலையில், பலூன் விற்பவர் ஒரு சீழ்க்கை மெட்டைக் கேட்கின்றார். எல்சி பலூன் வாங்கிய நாளில் கேட்ட மெட்டு அது. அவர் சொல்லி அனுப்பிய இளைஞன் பெக்கர்டைப் பின்தொடர்கின்றான். உள்ளங்கையில் சுண்ணக்கட்டியால் எம் என்னும் எழுத்தை வரைந்து, தற்செயலாக இடறி விழுபவன் போல அவன் தோளில் பதித்துவிடுகின்றான். உடன் இருக்கும் சிறுமி மேலங்கியில் கறை இருப்பதாகச் சொல்ல, பெக்கர்ட் கண்ணாடியில் தன் தோளைத் திரும்பிப் பார்க்கின்றான்.

தப்பியோடிய அவன் ஓர் அலுவலகக் கட்டடத்தினுள் ஒளிகின்றான். திருடர்கள் அக்கட்டடத்தினுள் புகுந்து அவனைப் பிடித்து, கைவிடப்பட்ட சாராய வடிசாலை ஒன்றின் நிலவறைக்குக் கொண்டு செல்கின்றனர். அங்கே நூற்றுக்கணக்கான திருடர்களும் பிச்சைக்காரர்களும் விலைமாதரும் நீதிமன்றமாக அமர்ந்திருக்கின்றனர். அவனுக்கென்று ஒரு வழக்கறிஞரும் நியமிக்கப்படுகின்றார். தன்னுள் இருக்கும் ஏதோவொன்று தன்னை ஓயாது துரத்துவதாகவும், தன்னால் அதனைத் தடுக்க முடியவில்லை என்றும் பெக்கர்ட் கதறுகின்றான். அங்குள்ளோர் விரும்பினால் தங்கள் தொழிலை விட்டுவிட இயலும், தன்னால் இயலாது என்பது அவன் வாதம். தன்னைக் கட்டுப்படுத்த இயலாதவன் உயிரோடு இருக்கவே கூடாது என்பது ஷ்ரென்கரின் பதில். நோயாளியைத் தூக்கிலிடுபவரிடம் அன்றி மருத்துவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று வழக்கறிஞர் கூறுகின்றார். தீர்ப்புக் கூறும் தலைவரே கொலைக் குற்றங்களுக்காகத் தேடப்படுபவர் என்பதையும் அவர் நினைவூட்டுகின்றார். கூட்டம் பெக்கர்டின் மீது பாயும் தறுவாயில் காவல்துறை வந்து சேர்கின்றது.

இறுதிக் காட்சியில் உண்மையான நீதிமன்றத்தில் நீதிபதிகள் வந்து அமர்கின்றனர். தீர்ப்பு என்னவென்று படம் சொல்வதில்லை. அதற்கு மாறாக, துயருற்ற தாய்மார் திரையில் தோன்றுகின்றனர். எத்தீர்ப்பும் இறந்த பிள்ளைகளைத் திருப்பித் தராது என்றும், பிள்ளைகளைக் கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்றும் எல்சியின் தாய் கூறுவதோடு படம் நிறைவுறுகின்றது.

வரலாற்றுப் பின்னணி

முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் பல தொடர் கொலை வழக்குகள் நாட்டை உலுக்கின. ஹானோவர் நகரைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஹார்மான் 1925 இல் மரண தண்டனைக்கு உள்ளானான். டுசல்டோர்ஃப் நகரில் பலரைக் கொன்ற பீட்டர் குர்டென் 1930 மே மாதத்தில் பிடிபட்டான். எம் திரையிடப்பட்டு ஏறத்தாழ ஏழு வாரங்களின் பின்னர், 1931 சூலை 2 அன்று, அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இதனால் பெக்கர்ட் பாத்திரம் குர்டெனையே குறிக்கின்றது எனப் பலரும் கருதினர். லாங் இதனை ஏற்கவில்லை. குர்டென் பிடிபடுவதற்கு முன்னரே திரைக்கதை எழுதப்பட்டுவிட்டதாக அவர் பின்னாளில் கூறினார்.

ஆய்வாளர் லோமானின் பாத்திரம், பெர்லின் காவல்துறையின் கொலை விசாரணைப் பிரிவுக்குத் தலைமை வகித்த எர்ன்ஸ்ட் கென்னாட் என்பவரைத் தழுவி அமைக்கப்பட்டது. உருவத்தில் பருமனான கென்னாட், தடயங்களை முறையாகச் சேகரித்துக் கோப்பாக்கும் வழக்கத்தை வலியுறுத்தியவர். தொடர் கொலையாளி என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல்லை அவர் 1930 இல் டுசல்டோர்ஃப் கொலைகளைப் பற்றி எழுதியபோது பயன்படுத்தினார்.

திருடர் சங்கமும் முற்றிலும் கற்பனையன்று. அக்காலப் பெர்லினில் "ரிங்ஃபெரைன்" எனப்பட்ட சங்கங்கள் இருந்தன. வெளிப்பார்வைக்கு விளையாட்டு மன்றங்களாகவோ நட்புச் சங்கங்களாகவோ தோன்றிய இவற்றின் உறுப்பினர்கள் பெரும்பாலும் சிறை சென்று மீண்டவர்கள். சிறையிலிருக்கும் உறுப்பினரின் குடும்பத்துக்கு உதவுவதும் வழக்கறிஞரை அமர்த்துவதும் இச்சங்கங்களின் வழக்கம்.

படம் உருவான காலத்தில் ஜெர்மனி பொருளாதார வீழ்ச்சியிலும் வேலையின்மையிலும் சிக்கியிருந்தது. 1930 செப்டம்பர் தேர்தலில் நாசிக் கட்சியின் நாடாளுமன்ற இடங்கள் 12 இலிருந்து 107 ஆக உயர்ந்தன. சட்டத்தை விடுத்து உடனடித் தண்டனை கேட்கும் கூட்டத்தை லாங் திரையில் காட்டிய சூழல் இதுவாகும்.

தயாரிப்பு

படப்பிடிப்பு 1931 இன் தொடக்கத்தில் ஆறு வாரங்களில் முடிக்கப்பட்டது. பெர்லினை அடுத்த ஸ்டாக்கன் என்னுமிடத்தில் வான்கப்பல்களுக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் படப்பிடிப்புத் தளமாக மாற்றப்பட்ட கொட்டகையில் பெரும்பகுதி எடுக்கப்பட்டது.

படத்துக்கு முதலில் எண்ணியிருந்த பெயர் "கொலையாளிகள் நம்மிடையே" எனப் பொருள்படுவது. இப்பெயரைக் கேள்வியுற்ற தளப் பொறுப்பாளர் இடம் தர மறுத்ததாகவும், அவர் சட்டையில் நாசிக் கட்சிச் சின்னத்தைக் கண்டபோதே காரணம் விளங்கியதாகவும் லாங் பின்னாட்களில் பலமுறை கூறியுள்ளார். நிலவறை நீதிமன்றக் காட்சியில் உண்மையான குற்றவாளிகள் சிலரும் நடித்தனர் என்பதும் அவரது கூற்று. லாங் தம் வாழ்க்கை நிகழ்வுகளைச் சுவைபடக் கூறுவதில் வல்லவர் என்பதால், இத்தகைய செய்திகளை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை.

பெக்கர்டாக நடித்த பீட்டர் லொர்ரே 1904 இல் அன்றைய ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசில் பிறந்தவர். இயற்பெயர் லாஸ்லோ லோவென்ஸ்டைன். அதுவரை அவர் பெரிதும் நாடக மேடையிலேயே அறியப்பட்டிருந்தார். குழந்தை முகமும் பெரிய விழிகளும் கொண்ட ஒருவரைக் கொலையாளியாகக் காட்டியதன் மூலம், கொலைகாரன் என்றால் கொடிய தோற்றம் உடையவன் என்னும் எதிர்பார்ப்பை லாங் உடைத்தார்.

ஒலியும் காட்சியும்

பேசும்படம் அறிமுகமான புதிதில் பெரும்பாலான படங்கள் இடைவிடாத உரையாடலாலும் பாடல்களாலும் நிரப்பப்பட்டன. எம் இதற்கு நேர்மாறானது. இதில் பின்னணி இசை கிடையாது. சில காட்சிகளில் எந்த ஒலியும் இல்லை. இவ்வாறு மௌனம் நிலவுவதால் எழும் ஒவ்வோர் ஒலியும் ஒரு தடயமாகவே செயல்படுகின்றது.

சீழ்க்கை: பெக்கர்ட் கொலை வெறிக்கு ஆட்படும்போதெல்லாம் ஒரே மெட்டைச் சீழ்க்கையடிக்கின்றான். இது நார்வே நாட்டு இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக், இப்சனின் "பீர் கிந்த்" நாடகத்துக்காக அமைத்த "மலையரசனின் மண்டபத்தில்" என்னும் பகுதியாகும். பாத்திரம் ஒன்றுடன் ஒரு மெட்டை இணைக்கும் ஓப்பெரா உத்தியைத் திரைப்படத்தில் பயன்படுத்திய தொடக்ககால எடுத்துக்காட்டு இது. லொர்ரேக்குச் சீழ்க்கையடிக்க வராது என்பதால் லாங்கே அதனை அடித்ததாகக் கூறப்படுகின்றது. கண்ணுள்ள நகரமே தேடியும் காணாத கொலையாளியைப் பார்வையற்றவர் ஒருவர் செவியால் கண்டுகொள்வது, இவ்வுத்தியின் பயனை நன்கு காட்டுகின்றது.

காட்டாமல் காட்டுதல்: படத்தில் ஒரு கொலைகூடத் திரையில் நிகழ்வதில்லை. எல்சியின் முடிவை லாங் சில வெறுமையான காட்சிகளால் உணர்த்துகின்றார். ஆளில்லாத மாடிப்படி, துணி உலரும் பரண், தொடப்படாத உணவுத் தட்டு ஆகியவற்றின் மேல் தாயின் அழைப்புக் குரல் ஒலிக்கின்றது. அடுத்துப் புல்வெளியில் பந்து உருண்டு வந்து நிற்கின்றது. பலூன் தந்திக் கம்பிகளில் சிக்கிப் பின் பறந்து போகின்றது. நிகழ்ந்ததைப் பார்ப்போரே தம் மனத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டியிருப்பதால், நேரடியாகக் காட்டுவதைவிட இது கூடுதலாக அச்சுறுத்துகின்றது.

இணைத்தொகுப்பு: காவல்துறை அதிகாரிகளின் கூட்டமும் திருடர்களின் கூட்டமும் மாறி மாறிக் காட்டப்படுகின்றன. இரு அறைகளிலும் ஒரே புகை, ஒரே குழப்பம். ஷ்ரென்கர் தொடங்கும் கையசைவைக் காவல்துறைத் தலைவர் முடிக்கின்றார். பின்னர் அலுவலகக் கட்டடத்தினுள் நுழையும்போது ஷ்ரென்கர் காவலர் சீருடையையே அணிந்திருப்பதும் இவ்வொப்புமையை வலுப்படுத்துகின்றது.

புலனாய்வு முறை: கைரேகையைப் பெரிதாக்கி ஆராய்தல், கையெழுத்தைக் கொண்டு எழுதியவனின் இயல்பைக் கணித்தல், கொலை நடந்த இடத்தை மையமாகக் கொண்டு வரைபடத்தில் கவராயத்தால் வட்டங்கள் வரைந்து தேடும் பரப்பை விரித்துச் செல்லுதல் ஆகியவை விளக்கமாகக் காட்டப்படுகின்றன. அமைச்சரும் காவல்துறைத் தலைவரும் தொலைபேசியில் உரையாடும்போது, அவர்களது குரலின் மேல் இப்பணிகள் காட்சிகளாக ஓடுகின்றன. இன்று ஆவணப்படங்களிலும் செய்திகளிலும் இயல்பாகிவிட்ட இம்முறை அன்று புதுமையாக இருந்தது.

வரவேற்பும் எதிரெதிரான விளக்கங்களும்

எம் எந்தப் பக்கம் நிற்கின்றது என்பது வெளிவந்த நாள் முதலே விவாதத்துக்கு உள்ளானது. நிலவறை நீதிமன்றத்தில் இரு தரப்பு வாதங்களும் முழு வலுவுடன் முன்வைக்கப்படுவதே இதற்குக் காரணம். பிள்ளையை இழந்த தாய்மாரின் சினம் நியாயமானது. பெக்கர்டின் கதறலும் பொய்யன்று.

பின்னாளில் நாசி அரசின் பரப்புரை அமைச்சரான யோசப் கோயபல்ஸ், 1931 மே மாதத்தில் இப்படத்தைப் பார்த்துத் தம் நாட்குறிப்பில் பாராட்டி எழுதினார். மரண தண்டனைக்கு ஆதரவான படமாகவே அவர் இதனைப் புரிந்துகொண்டார். ஆனால், அவருடைய அரசே 1934 இல் இப்படத்தைத் தடை செய்தது. கும்பலின் தீர்ப்பை ஏற்காமல், கொலையாளியையும் சட்டத்தின் கையில் ஒப்படைக்கச் சொல்லும் படமாக இதனைக் காண்போர், வழக்கறிஞரின் வாதத்தையும் இறுதிக் காட்சியையும் சான்றாகக் காட்டுவர். மரண தண்டனையைத் தாம் எதிர்ப்பதாகவும், படமும் அதற்கு எதிரானதே என்றும் லாங் பின்னாளில் கூறினார்.

இதனினும் கொடிய திரிபு 1940 இல் நிகழ்ந்தது. யூதர்கள் மீது வெறுப்பைப் பரப்புவதற்காக நாசிகள் எடுத்த "நிலைபேறுடைய யூதன்" எனப் பொருள்படும் பெயருடைய பரப்புரைப் படத்தில், பெக்கர்டின் கதறல் காட்சி வெட்டி ஒட்டப்பட்டது. யூதரான லொர்ரே நடித்த பாத்திரத்தின் சொற்கள், யூத இனத்தின் இயல்புக்குச் சான்று என்பதுபோலக் காட்டப்பட்டன. கும்பலின் சினத்தைக் குறித்து எச்சரித்த காட்சியே கும்பலைத் தூண்டும் கருவியாக்கப்பட்டது.

கலைஞர்களின் பிற்கால வாழ்க்கை

1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் படக்குழு சிதறியது. லாங்கின் அடுத்த படமான "டாக்டர் மபூசேயின் இறுதி ஆவணம்" அவ்வாண்டிலேயே ஜெர்மனியில் தடை செய்யப்பட்டது. லாங், லொர்ரே, நெபென்சால் ஆகியோர் நாட்டை விட்டு வெளியேறினர். அதே ஆண்டில் லாங்குடன் மணமுறிவு பெற்ற ஹார்பூ ஜெர்மனியிலேயே தங்கி, நாசிக் கட்சியிலும் சேர்ந்தார். ஷ்ரென்கராக நடித்த குரூண்ட்கென்ஸ் நாசி ஆட்சியில் பெர்லின் அரசு நாடக அரங்கின் தலைமைப் பொறுப்பை வகித்தார். பலூன் விற்பவராக நடித்த கேயோர்க் ஜான் யூதர் என்பதால் நாடு கடத்தப்பட்டு, 1941 இல் போலந்தின் வூட்ச் நகரத்து யூதர் அடைப்பிடத்தில் உயிரிழந்தார். கதையில் கொலையாளியை அடையாளம் காட்டிய முதியவரை, நாட்டின் அரசே கொலைக்களத்துக்கு அனுப்பியது.

லாங் அமெரிக்காவில் இயக்கிய முதல் படமான "ஃபியூரி" (1936), குற்றமற்ற ஒருவரைக் கும்பல் ஒன்று கொல்ல முற்படுவதைப் பற்றியது. எம் எழுப்பிய வினாவையே அவர் அங்கு மீண்டும் எடுத்துக்கொண்டார். லொர்ரே ஹிட்ச்காக்கின் "தி மேன் ஹூ நியூ டூ மச்" (1934), "தி மால்டீஸ் ஃபால்கன்" (1941), "காசாபிளாங்கா" (1942) ஆகிய படங்களில் நடித்துப் புகழ்பெற்றார். 1951 இல் ஜெர்மனிக்குத் திரும்பி, நாசிக் காலத்துக் கொலையாளி ஒருவனைப் பற்றிய "தொலைந்தவன்" எனப் பொருள்படும் படத்தைத் தாமே இயக்கி நடித்தார்.

பதிப்புகளும் மீளுருவாக்கமும்

முதற்பதிப்பு 117 நிமிடங்கள் ஓடியது. பிற்காலத்தில் பல நாடுகளில் வெட்டிக் குறைக்கப்பட்ட படிகளே புழக்கத்தில் இருந்தன. பின்னர் பல படிகளை ஒப்பிட்டுச் செப்பனிடப்பட்ட, ஏறத்தாழ 110 நிமிட நீளமுள்ள பதிப்பே இன்று பரவலாகக் காணக் கிடைக்கின்றது. தொடக்கத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மொழிகளுக்கும் தனிப் பதிப்புகள் உருவாக்கப்பட்டன.

நெபென்சாலின் தயாரிப்பில் யோசப் லோசி 1951 இல் இக்கதையை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நிகழ்வதாக மாற்றி மீண்டும் படமாக்கினார். அதில் டேவிட் வெய்ன் கொலையாளியாக நடித்தார். லாங் தாம் இயக்கிய படங்களுள் எம் படத்தையே மிகவும் விரும்பியதாகக் கூறியுள்ளார்.

இவற்றையும் பார்க்க

டபுள் இன்டெம்னிட்டி (1944) – காப்பீட்டுத் தொகைக்காக நிகழும் கொலை பற்றிய பில்லி வைல்டரின் படம்
தி தர்ட் மேன் (1949) – போருக்குப் பிந்தைய வியன்னாவில் நிகழும் கரோல் ரீடின் படம்
ராசோமோன் (1950) – ஒரே குற்றத்தைப் பலர் பலவாறு கூறும் அகிரா குரோசாவாவின் படம்
அந்த நாள் (1954) – கொலை விசாரணையை மையமாகக் கொண்ட, பாடல்களே இல்லாத எஸ். பாலச்சந்தரின் தமிழ்ப்படம்
ரிஃபிஃபி (1955) – ஏறத்தாழ அரை மணி நேரம் உரையாடலும் இசையும் இன்றி நிகழும் கொள்ளைக் காட்சிக்குப் பெயர்பெற்ற ஜூல்ஸ் டாசினின் பிரெஞ்சுப் படம்
12 ஆங்ரி மென் (1957) – கொலை வழக்கில் தீர்ப்புக் கூற வேண்டிய பன்னிருவரைப் பற்றிய சிட்னி லூமெட்டின் படம்

பகுப்புகள்: 1931 திரைப்படங்கள் | ஜெர்மன் திரைப்படங்கள் | குற்றத் திரைப்படங்கள் | கறுப்பு வெள்ளைத் திரைப்படங்கள்